மைதானத் தபால்: டிவியில் ஆள் எடுத்த ஐஸ் ஹாக்கி

போன இதழில், கனடாவில் 2004-ல் ஒளிபரப்பான 'மேக்கிங் தி கட்' என்ற டிவி போட்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து, கேமரா முன்னால் படிப்படியாக வடிகட்டி, கடைசியில் மிஞ்சும் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு கனடிய என்.எச்.எல் அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு கொடுத்த நிகழ்ச்சி அது. என்.எச்.எல் என்பது அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதுவும் நம் தில்லி வாசகர்களிடமிருந்து. எனவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி: சார், போன கோடை லீவில் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்தோம். அதிலிருந்து என் மகன் ஐஸ் ஹாக்கி, ஐஸ் ஹாக்கி என்று உயிரை எடுக்கிறான். பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு, இங்கே ஐந்து வருடமாக ரோலர் ஸ்கேட்டிங் போகிறான். நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, இந்தியாவிலும் அப்படி ஒரு போட்டி வந்தால் போதும், நேராக என்.எச்.எல் என்கிறான். அவன் அப்பா, பேசாமல் படிக்கிற வழியைப் பார் என்கிறார். நடுவில் நான் என்ன சொல்வது?

பதில்: அந்த 'நேராக' என்ற சொல்லை மட்டும் அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. மற்றபடி அது நல்ல ஆசை, அதில் கை வைக்காதீர்கள்.

அந்த நிகழ்ச்சியில் ஜெயித்தவர்களுக்குக் கிடைத்தது முகாமுக்கு வரச் சொல்லி ஓர் அழைப்பு, அவ்வளவுதான். அங்கிருந்து அணிக்குள் போவதற்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. செப்டம்பரில் ஒரு என்.எச்.எல் அணி முகாம் போட்டால் ஐம்பது அறுபது பேர் வந்து நிற்பார்கள், சீசன் தொடங்கும்போது அணிப் பட்டியலில் இருக்கக்கூடியவர்கள் அதிகபட்சம் 23 பேர். அந்த 23-லும் முக்கால்வாசி இடம் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் போய்விடும், மிஞ்சுகிற ஒன்றிரண்டுக்கு, அந்த அணியே சில வருடம் முன்பு தேர்ந்தெடுத்து வளர்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் காத்திருப்பார்கள். டிவியில் ஜெயித்து வந்தவர் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும்.

கனடாவில் பிள்ளைகளுக்கு நாலு ஐந்து வயதிலேயே ஸ்கேட்ஸ் கட்டிவிடுகிறார்கள். உங்கள் நாத்தனார் சொல்லியிருப்பார், குளிர்காலத்தில் வீட்டுப் பின்பக்கம் நாலைந்து ராத்திரி தண்ணீர் விட்டாலே விளையாடுகிற அளவுக்குத் தளம் உறைந்துவிடும். பதினாறு வயதில் கெட்டிக்காரப் பையன்கள் ஜூனியர் லீகுக்காக வீட்டை விட்டுப் போய், வேறு ஊரில் வேறு ஒரு குடும்பத்தோடு தங்கி ஆடுகிறார்கள். பதினெட்டு வயதில் என்.எச்.எல் டிராஃப்ட், அதாவது அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. இந்திய வம்சாவளியில் முதல் ஆளாக 1989-ல் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்கு ஆடிய ராபின் பாவாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து, அதே ஜூனியர் லீக் வழியாகத்தான் வந்தார். அந்தப் பிள்ளைகள் பதினான்கு வயதுக்குள் ஐஸ் மேல் கழித்திருக்கும் மணிக்கணக்கை உங்கள் மகன் எந்த டிவி போட்டியிலும் வாங்க முடியாது. இதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உண்மை தாங்கும், பொய்யான நம்பிக்கை கொடுத்துப் பதினெட்டில் உடைவதுதான் தாங்காது.

சரி, அதற்காக ஆட வேண்டாமா? கண்டிப்பாக ஆட வேண்டும். ஒரு விளையாட்டைப் பதினான்கு வயதில் இவ்வளவு விரும்புவது எல்லாருக்கும் வாய்க்காது. அவன் போவது வரிசைச் சக்கரம் வைத்த இன்லைன் ஸ்கேட்ஸா, நாலு மூலைக்கு நாலு சக்கரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். நாலு சக்கரம் என்றால் இன்லைனுக்கு மாற்றுங்கள், அதுதான் ஐஸுக்குப் பக்கத்தில் வரும். இன்லைனில் ஐந்து வருடம் ஓடியவன் ஐஸில் முதல் நாளே நின்றுவிடுவான், ஓடியும்விடுவான், நிறுத்தத்தான் தெரியாது. ஐஸ் ஸ்கேட்டின் பிளேடுக்கு அடியில் நடுவே லேசாகக் குழி எடுத்திருப்பார்கள், அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு இருக்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி அந்த விளிம்பால் ஐஸைச் சுரண்டிக்கொண்டு நிற்பதுதான் ஹாக்கி ஸ்டாப். சக்கரத்தில் பழகிய காலுக்கு இது ரொம்பப் புதுசு, முதல் வாரம் நிறைய விழுவான். விழட்டும், ஆனால் தலையில் ஹெல்மெட் இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

எங்கே போவது? குருகிராமில் ஒரு மாலுக்குள் செயற்கை ஐஸ் தளம் இருக்கிறது. முழு ஹாக்கி அளவு கிடையாது, ஆனால் விளிம்பு பழக அது போதும், போகும் முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். முழு அளவு தளம் டேராடூனில் இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே வேறு ஒருவருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் என் மனசுக்குப் பிடித்த வழி, லடாக்கில் இருக்கும் லே நகரம். இங்கே ஜனவரியில் குளிருக்காகப் பள்ளிக்கூடங்களை மூடுகிறார்களே, அப்போதுதான் லடாக்கில் குளங்கள் நன்றாக உறைந்து ஹாக்கி சீசன் களை கட்டியிருக்கும். டிசம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை, அவ்வளவுதான் அவர்கள் சீசன். விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம் என்பதால் முதல் இரண்டு நாள் ஓடக் கூடாது, ரூமில் இருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஒரு லீவுக்கு அவனையும் அவன் அப்பாவையும் சேர்த்து அனுப்பி வையுங்கள். ஏழு வயசுப் பிள்ளைகள் மைனஸ் குளிரில் ஸ்டிக்கோடு ஓடுவதை அவர் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். படிப்பா விளையாட்டா என்ற பேச்சு அதற்கு அப்புறம் வேறு மாதிரி நடக்கும் என்று நம்புகிறேன்.

ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு வாசகர்: ரியாலிட்டி ஷோ என்றாலே எழுதி வைத்து நடத்துவதுதானே? இதில் மட்டும் உண்மையாக ஆள் எடுத்தார்கள் என்று எப்படி நம்புவது? ஏன் 2004-ல் செய்தார்கள்?

பதில்: நான் நம்புவதற்குக் காரணம், தேர்வு செய்ய உட்கார்ந்தவர்கள். பொது மேலாளர் ஸ்காட்டி பௌமன், பயிற்சியாளர் மைக் கீனன். பௌமன் பயிற்சியாளராக ஒன்பது முறை ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.எச்.எல் சாம்பியன் கோப்பை, வென்றவர் (மாண்ட்ரியாலோடு ஐந்து, பிட்ஸ்பர்க்கோடு ஒன்று, டெட்ராய்ட்டோடு மூன்று), அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தொடவில்லை. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 1940-க்கு அப்புறம் 54 வருடம் காத்திருந்து 1994-ல் கோப்பை வாங்கியபோது பயிற்சியாளர் கீனன், கறாரான மனிதர் என்று பெயர் எடுத்தவர். வாழ்நாள் முழுக்க ஆளைப் பார்த்தே எடை போட்டவர்கள் கேமராவுக்காகச் சரியில்லாத ஆளைத் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆட்டத்தைத் தேர்வாளர் பார்ப்பது வேறு, டிவி காட்டுவது வேறு. பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வில்லை) தன்னிடம் இல்லாத நேரத்தில் ஒருவன் எங்கே நிற்கிறான், சோர்ந்துபோன கடைசிப் பத்து வினாடியில் திரும்பி ஓடி வருகிறானா, இதைத்தான் தேர்வாளர் பார்ப்பார், அது திரையில் சுவாரஸ்யமாக இருக்காது. திரைக்கு வேண்டியது அழுகை, அம்மாவுக்குப் போன், கதவு திறந்து மூடுவது. ஒரே ஆளை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆடுகிற பையனுக்கு யாருக்காக ஆடுகிறோம் என்ற குழப்பம் வந்துவிடும். இதை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்தேன். சில வருடம் முன்பு ஒரு சேனலின் நடனத் தேர்வுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நானும் துணைக்குப் போனேன். விடிகாலை ஐந்து மணிக்கு வரிசை, மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள், ஒரு நிமிடம் கூட ஆட விடவில்லை, அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன கஷ்டம் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எட்டு வருடம் பரதம் படித்த பெண் வரும் வழியெல்லாம் மெட்ரோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஏன் 2004? அந்த செப்டம்பரில் என்.எச்.எல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் சம்பள உச்சவரம்பு பற்றித் தகராறு முற்றி, முதலாளிகள் கதவடைப்பு செய்துவிட்டார்கள். 2005 பிப்ரவரி 16-ல் முழு சீசனையும் ரத்து செய்வதாக அறிவித்தார்கள். சனிக்கிழமை ராத்திரி ஹாக்கி பார்க்காமல் தூங்காத நாடு அது, ஒளிபரப்பிய சி.பி.சி என்ற கனடிய அரசு சேனல் அந்த நேரத்தில் சினிமா போட்டுச் சமாளித்தது. அந்த வறட்சியில் வந்ததால் இந்த நிகழ்ச்சிக்குத் தனி கவனம் கிடைத்தது. ஆனால் ஜெயித்த ஆறு பேருக்கு? அழைப்பு கையில் இருந்தும் போவதற்கு அந்த வருடம் முகாமே இல்லை, அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கஷ்டப்பட்டு வாங்கிய டிக்கெட்டோடு ஸ்டேஷனில் நின்றால் ரயில் ரத்து என்று அறிவிப்பு வருகிற மாதிரி. 2006-ல் இரண்டாவது பருவம் வேறு சேனலில் வந்தது, அதோடு சரி.

ஜனக்புரியிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர்: அண்ணா, டிவி போட்டியெல்லாம் விடுங்க. நிஜமாகவே ஒரு அமெச்சூர் ஆள் என்.எச்.எல் மேட்ச்சில் ஆடியிருக்கிறாரா?

பதில்: ஆடியிருக்கிறார்கள் தம்பி, அதுவும் எந்தப் போட்டியும் இல்லாமல்! ஒரு அணிக்கு இரண்டு கோலி, அதாவது கோல்கீப்பர், இருப்பார்கள். ஒரே மேட்ச்சில் இரண்டு பேருக்கும் அடிபட்டால் என்ன செய்வது என்பதற்காக, அந்த வருடங்களில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு அவசர கோலியை அரங்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள். அநேகமாக அவர் வெறுமனே மேட்ச் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

2018 மார்ச் 29, சிகாகோ. பிளாக்ஹாக்ஸ் அணியின் கோலிகள் அடிபட்டுவிட, உள்ளூரில் பொழுதுபோக்குக்கு ஆடிக்கொண்டிருந்த ஸ்காட் ஃபாஸ்டர் என்ற 36 வயது கணக்காளரை இறக்கினார்கள். கடைசிப் பதினாலு நிமிடம் நின்றார், வின்னிபெக் அணி அடித்த ஏழு ஷாட்டையும் தடுத்தார், ஒரு கோல் விடவில்லை.

இரண்டாவது கதை இன்னும் பெரிசு. 2020 பிப்ரவரி 22, டொரொன்டோ. விருந்தாளியாக வந்த கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் இரண்டு கோலியும் காயம். இறங்கியவர் டேவிட் ஏர்ஸ், 42 வயது, ஐஸ் தளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். 2004-ல் அவருடைய அம்மா அவருக்குச் சிறுநீரகம் தானம் கொடுத்திருக்கிறார், அந்த உடம்போடுதான் நின்றார். முதல் இரண்டு ஷாட்டும் உள்ளே போய்விட்டது. நானாக இருந்தால் அந்த இடத்தில் கால் நடுங்கிப் போயிருப்பேன். அதற்கப்புறம் வந்த எட்டையும் தடுத்தார், கரோலினா 6-3 என்று ஜெயித்தது. அவர் ஸ்டிக் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது.

ஒன்று கவனி. ஃபாஸ்டர் கல்லூரி அணியில் ஆடியவர். ஏர்ஸ், டொரொன்டோ அணிகளின் பயிற்சிகளில் வலையில் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தவர், அதற்குக் கைதட்டக்கூட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அன்று ராத்திரி வாய்ப்பு வந்தது, ஆனால் ஆட்டம் அதற்குப் பல வருடம் முன்பே அவர் காலில் இருந்தது.

கரோல் பாக்கிலிருந்து ஓய்வு பெற்ற அரசு ஊழியர்: 1980 மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கிய ஹாக்கியைக் கொண்டாடியவன் நான். பேரன் காட்டினான் என்று ஐஸ் ஹாக்கி பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆடாமல் ஆள் வெளியே போகிறான், இன்னொருவன் வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கிறான். யாரைப் பார்ப்பது?

பதில்: ஐயா, மாஸ்கோவை நினைவுபடுத்தியதற்கு முதலில் நன்றி. ஐஸ் ஹாக்கியில் கோலியோடு சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர்தான் தளத்தில். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. முழு வேகத்தில் ஸ்கேட் செய்வது நூறு மீட்டர் ஓட்டத்தை விடாமல் ஓடுகிற மாதிரி, முக்கால் நிமிடத்துக்கு மேல் யாராலும் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. அதனால்தான் ஆட்டம் நிற்காமலே கும்பலாக மாறிக்கொள்கிறார்கள், அதை ஷிஃப்ட் என்பார்கள். பந்து கிடையாது, ஒரு அங்குலத் தடிமனில் 170 கிராம் எடையுள்ள ரப்பர் வில்லை, அதுதான் பக். துள்ளக் கூடாது என்று மேட்ச்சுக்கு முன் அதையும் உறைய வைக்கிறார்கள். அடுத்த முறை பேரனோடு உட்காரும்போது பக்கைத் தேடாதீர்கள், ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் அவர் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை கண்ணால் தொடருங்கள். ரைட் இன், லெஃப்ட் ஹாஃப் என்று பார்த்துப் பழகிய கண் உங்களுடையது, ரெண்டு மேட்ச்சில் பிடிபட்டுவிடும்.

நொய்டாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நீங்கள் எழுதியதில் முழுக்க ஆண்கள்தான். பெண்களுக்கு இதில் எதுவுமே இல்லையா?

பதில்: சரியான கேள்வி, நானே எழுதியிருக்க வேண்டும். பயிற்சி முகாம் அழைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் மனோன் ரேயோம். கியூபெக் பெண், கோலி. 1992-ல் டாம்பா பே அணி முகாமுக்கு அழைத்தது, அந்த செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான காட்சிப் போட்டியில் வலை காத்தார். என்.எச்.எல் அணிக்காக ஒரு பெண் ஆடியது அதுதான் முதல் முறை. இப்போது பெண்களுக்கென்றே பி.டபிள்யூ.எச்.எல் என்ற தொழில்முறை லீக், 2024 ஜனவரியிலிருந்து ஆறு அணிகளோடு தொடங்கி நடக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம், இங்கேதான் எனக்குப் பெருமை. இந்தியப் பெண்கள் அணி 2016-ல் முதல் முறையாக சர்வதேசப் போட்டிக்கு, தைபேக்குப் போனது. பெரும்பாலும் லடாக் பெண்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் உறைகிற குளத்தில், கடன் வாங்கிய ஸ்கேட்ஸில் பழகியவர்கள். முதல் வருடம் தோல்விதான். அடுத்த வருடம் பயணத்துக்கே பொதுமக்களிடம் நிதி திரட்டி பாங்காக் போய், பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். நாலு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் 2018-ல் லேவுக்கே வந்து அவர்களோடு ஆடினார். 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். தில்லியில் எத்தனை பேப்பர் அதை முதல் பக்கத்தில் போட்டது? எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எந்த சேனலாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளக்கரையில் ஒரு சீசன் நிற்கட்டும், கதை எழுதவே வேண்டாம்.

ரோஹிணியிலிருந்து ஒரு வாசகர்: இந்தியாவில் இப்படி டிவியில் தேர்வு செய்து வெளிநாட்டு அணிக்கு யாராவது போனதுண்டா?

பதில்: உண்டு, ஆனால் பேஸ்பாலில். 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி நடத்தினார்கள், யார் வேகமாகவும் குறி தவறாமலும் பந்தெறிகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. முன்னுக்கு வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன்கள், லக்னோ விளையாட்டு விடுதியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், அதுவரை பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை. அமெரிக்காவுக்குக் கூட்டிப் போய்ச் சில மாதம் பழக்கி, அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. இரண்டு பேரும் மேஜர் லீக் வரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக் வரை, போகவில்லை. தினேஷை 2010-ல் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு கீழ்நிலை லீகுகளில் சில சீசன் ஆடினார், முழங்கையில் அறுவை சிகிச்சை வரை போயிற்று, அப்புறம் 2018-ல் மல்யுத்தத்துக்கு, டபிள்யூ.டபிள்யூ.ஈ-க்குப் போனார்.

இதில் எனக்குக் கிடைக்கும் பாடம், எறிகிற தோளை இரவல் வாங்கி வரலாம் என்பது. ஈட்டி எறிந்த தோள் பந்தும் எறியும். ஐஸ் ஹாக்கியில் அந்தக் குறுக்குவழி இல்லை. ஸ்கேட்டிங் என்பது நடக்கப் படிப்பது மாதிரி முழு உடம்பும் புதிதாகப் படிக்க வேண்டிய விஷயம்.

லாஜ்பத் நகரிலிருந்து ஒரு வாசகர்: மே மாதம் 45 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில், குடிதண்ணீருக்கே டேங்கர் வரிசையில் நிற்கிறோம். ஐஸ் ஹாக்கியாம், ரிங்க்காம். இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இதற்கு ஒரு பக்கம் வீணா?

பதில்: கோபம் புரிகிறது, டேங்கர் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு ரிங்க்குக்கு, அதாவது செயற்கை ஐஸ் தளத்துக்கு, பெரிய செலவு மின்சாரம்தான். கான்கிரீட் தளத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் குழாய் ஓடும், அதில் உப்புக் கரைசலையோ கிளைக்கால் என்ற எளிதில் உறையாத திரவத்தையோ பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைத்து ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருக்கும் ஐஸ் மூன்று நாலு சென்டிமீட்டர் தடிமன்தான், ஆனால் கம்ப்ரஸரை ஒரு நாள் நிறுத்தினாலும் எல்லாம் தண்ணீர். டேராடூனில் இதுதான் நடந்தது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ராய்ப்பூர் பகுதியில் முழு அளவு ரிங்க் கட்டினார்கள், போட்டி முடிந்தது, பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் பல வருடம் பூட்டியே கிடந்தது. 2025-ல்தான் புதுப்பித்துத் திறந்து, அந்த ஆகஸ்டில் ஆசிய அளவில் ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டி நடத்தினார்கள். பூட்டிக் கிடந்த அந்த வருடங்களில் ஒரு தலைமுறை லடாக் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள், கோடையில் பழக இடமில்லாமல். எனக்கு வீண் என்று தோன்றுவது அதுதான் ஐயா, கட்டியது அல்ல, கட்டிவிட்டுப் பூட்டியது.

பணக்காரப் பிள்ளைகள் என்கிறீர்கள். மாலில் மணிக்குப் பணம் கட்டி ஸ்கேட் செய்பவர்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தியாவில் இந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் ராணுவத்துச் சிப்பாய்களும் லடாக் கிராமத்துக் குடும்பங்களும். ஆரம்ப காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டை அடித்துக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதே கனடாவில் 2006-ல் 'கிராஃப்ட் ஹாக்கிவில்' என்று வேறொரு போட்டி டிவியில் தொடங்கியது. அதில் ஆட்டக்காரர் ஜெயிப்பதில்லை, ஊர் ஜெயிக்கிறது. எங்கள் ரிங்க் இப்படி இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, எங்கள் பிள்ளைகள் இங்கேதான் ஆடுகிறார்கள் என்று ஊரே திரண்டு வந்து சொல்ல வேண்டும், நாடு ஓட்டுப் போடும். முதல் வருடம் நோவா ஸ்கோஷியாவில் சால்மன் ரிவர் என்ற சின்ன ஊர் ஜெயித்தது. பரிசாக ரிங்க்கைச் சீர்செய்யப் பணம், கூடவே ஒரு என்.எச்.எல் காட்சிப் போட்டி. இப்போது அந்தப் பணம் 2,50,000 கனடிய டாலர். 'மேக்கிங் தி கட்' இரண்டு பருவத்தில் நின்றது, இது இன்னும் நடக்கிறது. இந்தியாவில் ஏதாவது ஒரு சேனல் ஐஸ் ஹாக்கி நிகழ்ச்சி செய்ய வந்தால் நான் காலில் விழாத குறையாகக் கேட்பேன், ஆறு பையன்களைத் தேடாதீர்கள், ஒரு குளத்தைத் தேடுங்கள் என்று. அதற்கு ஒரு கூரையும் குளிரூட்டும் குழாயும் போட்டுக் கொடுத்தால் இரண்டு மாத சீசன் பத்து மாதம் ஆகும். பையன்களும் பெண்களும் அவர்களாகவே வந்துவிடுவார்கள்.

துவாரகாவிலிருந்து ஒரு வாசகி: வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணை முதல் முறை ஐஸ் ரிங்க்குக்குக் கூட்டிப் போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: முழுக்கை சட்டை, முழங்கால் மூடிய பேண்ட், கையுறை கட்டாயம் (விழுந்தால் முதலில் கைதான் ஐஸில் படும், பக்கத்தில் பிளேடுகள் ஓடும்). சாக்ஸ் நீளமாக, ஆனால் மெல்லியதாக இருக்கட்டும். தடி சாக்ஸ் போட்டால் பூட்ஸுக்குள் கால் ஆடும், கணுக்கால் வலிக்கும். லேஸை கணுக்கால் பக்கம் நன்றாக இறுக்குங்கள். கீழே பார்க்காமல் எதிரே பார்க்கச் சொல்லுங்கள், முழங்காலை லேசாக மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்று உடுப்பு ஒரு செட், ஃப்ளாஸ்கில் சூடாகப் பால். அப்புறம், ஓரத்தில் நின்று போட்டோ எடுக்காமல் நீங்களும் ஒரு ஜோடி ஸ்கேட்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.